செஞ்சிக் கோட்டை: ராஜகிரி ஏறணுமா, கீழயே சுத்திப் பார்த்தா போதுமா?

தாம்பரத்தான் எழுதியது:

வணக்கம் மக்களே. தை மாசம் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோட செஞ்சிக் கோட்டைக்குப் போகலாம்னு இருக்கேன். சொந்தக் கார்தான். நான், வீட்டம்மா, பத்து வயசுப் பையன், எங்க அப்பா. அப்பாவுக்கு முட்டி வலி உண்டு. ஆனா தேசிங்கு ராஜன் கூத்து பார்த்து வளர்ந்த ஆளு. "நீங்க கார்லயே உட்காருங்கப்பா"ன்னு சொன்னா அன்னிக்குப் பூரா என்கிட்ட பேச மாட்டார்.

வீடியோ போடுற எல்லாரும் ராஜகிரி உச்சியை மட்டும்தான் காட்டுறாங்க. ஏறாம வந்தா போனதுக்கே அர்த்தம் இல்லையா? கிருஷ்ணகிரி சுலபம்னு சொல்றாங்களே, நிஜமா? அப்புறம் பையன் "இதை யாருப்பா கட்டினா"ன்னு கேட்பான். அதுக்கும் யாராவது பதில் சொல்லிக் கொடுங்க.

மலைக்காட்டான் எழுதியது:

ராஜகிரி ஏறலைன்னா செஞ்சிக்குப் போகவே வேணாம் பாஸ். அவ்ளோதான்.

காலையில 9 மணிக்கு கேட் திறக்கும்போதே நில்லுங்க. மத்தியானத்துக்கு மேல ராஜகிரி ஏற விட மாட்டாங்க, லேட்டா போய் காவலாளிகிட்ட மல்லுக்கட்டாதீங்க. மலை ஏறத்தாழ 800 அடி. முழுக்கப் படிதான், ஆனா எல்லாப் படியும் ஒரே உயரம் இல்லை, சில இடத்துல முட்டி வரைக்கும் தூக்கி வைக்கணும். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. மேல கடை கிடையாது. பையை மூடி முதுகுல மாட்டுங்க. கையில கவர் தெரிஞ்சா குரங்கு விடாது. அங்க இருக்கிற குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும், சும்மா சொல்லலை.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி மலை ரெண்டாப் பிளந்திருக்கும். 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தக் காலத்துல அங்க தூக்குப்பாலம் இருந்திருக்கு, இப்ப நிரந்தரமா ஒரு பாலம் போட்டிருக்காங்க. அதைத் தாண்டினா ரங்கநாதர் கோயில், மணிமண்டபம், களஞ்சியம், ஒரு பீரங்கி. காத்து பிச்சிக்கிட்டுப் போகும். திருவண்ணாமலை பக்கம் வரைக்கும் பார்த்துக்கிட்டே நிக்கலாம்.

மேல்மலையனூரான் எழுதியது:

தாம்பரத்தான் சார், மேல எழுதியிருக்கிற தம்பி பேச்சைக் கேட்டு அப்பாவை இழுத்துக்கிட்டு ஏறிடாதீங்க. நான் இந்தப் பக்கத்து ஆளு. கோட்டைக்கு வர்றவங்க பண்றதை வருஷக்கணக்கா பார்த்துக்கிட்டு இருக்கேன். காலையில வேக வேகமா ராஜகிரி ஏறுவாங்க, போட்டோ எடுப்பாங்க, நாக்கு தள்ளிக்கிட்டு இறங்குவாங்க, கீழ கல்யாண மகாலைத் திரும்பிக் கூடப் பார்க்காம பிரியாணிக்குப் போயிடுவாங்க. கேட்டா செஞ்சி பார்த்தாச்சுன்னு சொல்லுவாங்க. அவங்க பார்த்தது மலையை. கோட்டையை இல்லை.

ஒண்ணு புரிஞ்சுக்கணும். செஞ்சி ஒரு மலைக்கோட்டை இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை, அந்த மூணையும் இழுத்துக் கட்டின மதில். சுத்தளவு 12 கிலோமீட்டருக்கு மேல வரும். ஊர், கோயில், குளம், சந்தை, படை எல்லாம் நடுவுல சமவெளியில இருந்தது. ராஜாவும் கீழதான் குடியிருந்தார். உச்சி எதுக்குன்னா, எல்லாம் கைவிட்டுப் போன பிறகு ஓடி ஒளியறதுக்கு. அந்த இடத்தை மட்டும் பார்த்துட்டு வர்றது, ஒரு பெரிய வீட்டுக்கு விருந்துக்குப் போய்ப் பரணை மட்டும் பார்த்துட்டு வர்ற மாதிரி.

அப்பாவோட நீங்க கீழ நிதானமா பார்க்க வேண்டியதைச் சொல்றேன்.

கல்யாண மகால். நடுவுல குளம், சுத்தி அறைகள், ஒரு ஓரத்துல அடுக்கடுக்கா ஏறி உச்சியில கூம்பா முடியற கோபுரம். தூரத்துலேர்ந்து பார்த்தா கோயில் மாதிரி இருக்கும், கிட்டப் போனா மாளிகை. ஒவ்வொரு மாடியும் ஒரு சின்ன அறை, சுத்திலும் நடை. மதிலுக்கு வெளிய இருந்த நீர்த்தேக்கத்துலேர்ந்து சுடுமண் குழாய் வழியா மேல் மாடிக்கே தண்ணி ஏத்தியிருக்காங்க. மோட்டார் கிடையாது, உயரமான இடத்துத் தண்ணி தன் மட்டத்துக்குத் தானே ஏறுது, அதான் சூட்சுமம். சுவர்ல பொறுமையாத் தேடினா குழாய் போன தடம் தெரியும். பையனுக்கு அதைக் காட்டுங்க, பள்ளிக்கூடத்துல படிச்சது அங்க நிக்குது.

அதை ஒட்டி வரிசையா குதிரை லாயம். கொஞ்சம் தள்ளி நெற்களஞ்சியம். உள்ள நுழைஞ்சா கண்ணு பழக ஒரு நிமிஷம் ஆகும். அவ்வளவு தடிமனான சுவர், மேல வளைவுக் கூரை, வெளிய வெயில் கொளுத்தும்போதும் உள்ள ஜில்லுனு இருக்கும். அப்பா அங்க உட்காரட்டும். அரண்மனை இருந்த இடத்துல இப்ப அடித்தளம் மட்டும்தான் மிச்சம், தொல்லியல் துறை தோண்டி எடுத்திருக்கு. யானைக்குளம், வேணுகோபாலசாமி கோயில் எல்லாம் அந்த வட்டாரத்துலயே.

மலைக்காட்டான் எழுதியது:

அண்ணே, பரண்ல நின்னாத்தானே வீடு பூரா தெரியும்? நீங்க சொல்ற 12 கிலோமீட்டர் மதில் எப்படி மூணு மலையையும் கோத்துக்கிட்டுப் போகுதுன்னு உச்சியிலேர்ந்து பார்த்தாத்தான் புரியும். கீழ நின்னா உங்க மூக்குக்கு முன்னாடி இருக்கிற சுவர் மட்டும்தான் தெரியும்.

மேல்மலையனூரான் எழுதியது:

அது நியாயமான பேச்சு தம்பி. முட்டி நல்லா இருக்கிறவன் ஏறட்டும். கீழ பார்த்துட்டு ஏறட்டும்னுதான் சொல்றேன்.

கல்வெட்டுக்காரி எழுதியது:

"யாரு கட்டினா" என்ற கேள்விக்கு ஒரு பெயரில் பதில் சொல்ல முடியாது. பையனுக்கு அதையே சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

மரபுச் செய்தி ஆனந்தக் கோனிடமிருந்து தொடங்குகிறது. இடையர் குலத் தலைவர், 1190 வாக்கில் ராஜகிரியில் அரண் எழுப்பியவர், அதனால் அந்த மலைக்கு ஆனந்தகிரி என்று பெயர் இருந்தது என்பார்கள். அடுத்து வந்த கிருஷ்ணக் கோன் பெயரில் கிருஷ்ணகிரி. இந்தக் கோன் வரலாறு நமக்குப் பெரும்பாலும் 1800களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட சரித்திரச் சுவடி வழியாகவே வருகிறது. கல்வெட்டு அளவுக்கு அதை நம்பிச் சாயக் கூடாது.

இன்று நாம் பார்க்கிற பிரம்மாண்டத்தில் பெரும்பகுதி விஜயநகரத்தின் கீழ் ஆண்ட செஞ்சி நாயக்கர் காலத்தது. களஞ்சியங்கள், கல்யாண மகால், வெங்கட்ரமணர் கோயில் எல்லாம் அவர்கள் காலத்து ஆட்சிச் செழிப்பைக் காட்டுபவை. 1590களின் கடைசியில் இங்கே வந்த பிமெண்டா என்ற இயேசு சபைப் பாதிரியார், இந்தியாவில் தான் கண்ட நகரங்களில் இதுவே பெரியது, லிஸ்பனைத் தவிர போர்ச்சுகலில் இதற்கு ஈடான ஊர் இல்லை என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். அப்போது ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். இன்றைக்கு அந்த நகரம் இருந்த இடத்தில் வயலும் முள்ளும்தான். மேல்மலையனூரான் ஐயா சொல்வது இதனால்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

1649இல் பிஜாப்பூர் சுல்தானியம். 1677இல் சிவாஜி. 1698இல் மொகலாயர். பிறகு ஆற்காட்டு நவாப். 1750இல் பிரெஞ்சுக்காரர். 1761இல் ஆங்கிலேயர். நடுவில் 1780இல் ஹைதர் அலி. ஒவ்வொருவரும் எதையோ சேர்த்தார்கள், இடித்தார்கள்.

கொற்றவன்73 எழுதியது:

இவ்வளவும் சொன்னீங்களே, அப்புறம் எப்படி இது "மராட்டிய ராணுவ நிலப்பரப்பு"னு யுனெஸ்கோ பட்டியல்ல ஏறுச்சு? 2025 ஜூலைல பாரீஸ்ல அறிவிச்சாங்க. 12 கோட்டை, அதுல 11 மகாராஷ்டிராவுல, ஒண்ணே ஒண்ணு நம்மது. கோன் கட்டினான், நாயக்கன் வளர்த்தான், இருபது வருஷம் இருந்தவன் பேர்ல பட்டயம். இதுக்கு நாம கைதட்டணுமா?

தஞ்சை மேலவீதி எழுதியது:

கைதட்ட வேண்டாம் ஐயா, கணக்கை மட்டும் சரியாகப் போடுங்கள். பட்டியல் 'கோட்டையைக் கட்டியவர் யார்' என்ற கேள்விக்கான பதில் அல்ல. ஒரு குறிப்பிட்ட காலத்து ராணுவ ஏற்பாட்டுக்கு சாட்சியாக நிற்கிற கோட்டைகளின் தொகுப்பு. மகாராஷ்டிரத்துக் கோட்டைகளிலும் பல சிவாஜிக்கு முந்தியவையே. பன்ஹாளா சிலாஹாரர் காலத்திலிருந்து இருக்கிறது.

இருபது வருஷம்தானே என்கிறீர்கள். அந்த இருபதில் எட்டு வருஷம் மராட்டிய அரசே இங்கிருந்துதான் நடந்தது. 1689இல் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்ற பிறகு, தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பி வந்து சேர்ந்த இடம் செஞ்சி. மராட்டியத் தலைநகர் ராய்கட் விழுந்துவிட்டது. செஞ்சி இல்லையென்றால் அந்த அரசு அன்றே முடிந்திருக்கும். சிவாஜியின் தெற்குப் படையெடுப்பின்போது அவர் மதிலை எப்படி மாற்றிக் கட்டினார், அகழி வெட்டினார், கோபுரம் எழுப்பினார் என்று அக்காலத்து இயேசு சபைக் கடிதங்களே வியந்து பேசுகின்றன.

எங்கள் வீதியில் இன்றும் மராட்டி பேசுகிற குடும்பங்கள் இருக்கின்றன. முந்நூற்று ஐம்பது வருஷமாகத் தமிழ்நாட்டில் இருப்பவர்களை எத்தனை நாளைக்கு 'வந்தவன்' கணக்கில் வைப்பீர்கள்?

கொற்றவன்73 எழுதியது:

குடும்பங்களைப் பத்தி நான் பேசவே இல்லை. பலகையைப் பத்திப் பேசுறேன். நாளைக்கு வாசல்ல வைக்கிற பலகையில கோன் பேரும் நாயக்கர் பேரும் பெருசா இருக்கணும். அவ்வளவுதான் என் கோரிக்கை.

கல்வெட்டுக்காரி எழுதியது:

அந்தக் கோரிக்கையில் எனக்கும் உடன்பாடு. ஆனால் பட்டியலில் சேர்ந்ததால் பாதுகாப்புக்கும் பாதைக்கும் பணம் வருமென்றால் வரட்டும். 1921 முதல் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற சின்னம் இது. ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் ஓரளவு பார்த்துக்கொள்கிறார்கள். சந்திரகிரி பக்கம் புதர் மண்டிக் கிடக்கிறது, சரியான பாதையே இல்லை. குழந்தையோடு போகிறவர்கள் அந்தப் பக்கம் தலை வைக்க வேண்டாம்.

முற்றுகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோட்டையை எப்படிப் பார்ப்பது என்பதற்கு அதுவே நல்ல வழிகாட்டி.

ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் 1690இல் வந்து இறங்கினார். கோட்டை விழுந்தது 1698இல். இத்தனை வருஷம் ஏன்? மலையின் உயரம் ஒரு காரணம்தான். 12 கிலோமீட்டர் மதிலை முழுக்க வளைக்க அவரிடம் ஆள் போதவில்லை. ஒரு வாயிலை அடைத்தால் இன்னொன்று வழியாக தானியம் உள்ளே போனது. போதாக்குறைக்கு 1692 கடைசியில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து வந்து பாய்ந்தார்கள். முற்றுகை போட்டவர்களே முற்றுகையில் மாட்டிக்கொண்டார்கள். பாளையத்துக்குள் சோற்றுக்குத் தட்டுப்பாடு. கூட வந்திருந்த இளவரசர் காம்பக்ஷ் எதிரியோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று அவரையே பிடித்துக் காவலில் வைக்க வேண்டியதாயிற்று. கடைசியில் ஜுல்பிகர் வந்தவாசிக்குப் பின்வாங்கினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மொகலாயப் படையோடு இருந்த பீம்சேன் என்ற அதிகாரி தன் நினைவுக்குறிப்பில், தளபதி மனது வைத்திருந்தால் வந்த அன்றைக்கே கோட்டையைப் பிடித்திருக்கலாம், சண்டையை இழுப்பதுதான் தளபதிகளின் வழக்கம் என்று எழுதிவைத்திருக்கிறார். கோட்டை விழுவதற்கு முன் ராஜாராம் வெளியேறிவிட்டார். அவருக்கு ஜுல்பிகரே வழி விட்டார் என்ற பேச்சு அப்போதே இருந்தது.

பிரெஞ்சுக்காரர் கதை நேர் எதிர். 1750 செப்டம்பரில் புஸ்ஸி ஒரு சிறிய படையோடு வந்தார். வெளியே நின்றிருந்த, ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலியின் படை கலைந்து ஓடியது. வாயிலை வெடி வைத்துத் தகர்த்து, இரவோடு இரவாக மூன்று மலையிலும் ஏறி, விடியும்போது கோட்டை அவர்கள் கையில். எட்டு வருஷம் நின்ற கோட்டை ஒரு ராத்திரியில் போனது. மதில் அதே மதில்தான். உள்ளே காவலுக்கு இருந்தவர்களின் மனசுதான் வேறு.

குட்டிச்சாத்தான் எழுதியது:

அப்போ எட்டு வருஷம் ஜுல்பிகர் கான் படி வாங்கிக்கிட்டு டூர் போயிருக்காரு 😄

கடலூர் பழையபட்டினம் எழுதியது:

செஞ்சியில் ராஜாராம் இருந்ததால் எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. தேவனாம்பட்டினம் கோட்டையை 1690இல் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றது மராட்டியர்தான். முற்றுகையில் இருப்பவருக்குப் பணம் வேண்டும், கம்பெனிக்குக் கோட்டை வேண்டும். பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள ஊர்கள் கோட்டையோடு சேர்த்தி என்று ஒப்பந்தம். இருந்ததிலேயே நீண்ட தூரம் சுடுகிற பீரங்கியைக் கொண்டு வந்து நாலாப் பக்கமும் சுட்டார்கள். அப்படிச் சேர்ந்தவைதான் 'குண்டு கிராமங்கள்'. அப்போது சென்னையில் தலைவராக இருந்தவர் எலிஹு யேல், அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் தாங்கியிருப்பது அவர் பெயரைத்தான். கடலூர்க்காரன் செஞ்சி மேல் ஏறி நின்றால் கிழக்கே பார்த்து இதை நினைக்காமல் இருக்க முடியாது.

தாம்பரத்தான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இதெல்லாம் படிச்சுக் காட்டினேன். அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "தேசிங்கு பத்தி ஒருத்தனும் எழுதலையா?"

மேல்மலையனூரான் எழுதியது:

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க சார். அவருக்காகவே எழுதுறேன்.

கூத்துல வர்ற தேசிங்குக்கு வயசு பதினெட்டு. அடங்காத குதிரையை அடக்கினவன். கல்யாணக் கோலத்துல இருந்த நண்பன் மோவுத்துக்காரனுக்கு ஓலை போகுது, அவன் தாலி கட்டாமலே நீலவேணிக் குதிரையில ஏறி வந்துடறான். சண்டைக்குப் புறப்படறதுக்கு முன்னாடி சிங்கவரம் ரங்கநாதர்கிட்ட தேசிங்கு உத்தரவு கேக்கறான், சாமி வேணாம்னு முகத்தைத் திருப்பிக்குது. அவன் கேக்கலை. சிங்கவரம் குடைவரையில பெருமாள் படுத்திருக்கிற கோலத்துல தலை சாய்ஞ்சிருக்கும். எங்க ஊருப் பெரியவங்க அதைக் காட்டித்தான் கதையைச் சொல்லுவாங்க. அந்த இடத்துல என் பாட்டி கண்ணைத் துடைச்சுக்கும்.

கல்வெட்டுக்காரி எழுதியது:

வரலாற்றுத் தேசிங்கு புந்தேலா ராஜபுத்திரர், பெயர் தேஜ் சிங். தந்தை சொரூப் சிங் மொகலாயரால் செஞ்சிக்குக் கோட்டைத் தலைவராக அமர்த்தப்பட்டவர். 1714இல் அவர் இறந்ததும் மகன் வடக்கேயிருந்து வந்து பொறுப்பேற்றார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கிப் பணம் கேட்டார், இவர் மறுத்தார். அக்டோபரில் சண்டை. நவாப்பிடம் ஆயிரக்கணக்கில் படை, இவரிடம் சில நூறு குதிரைக்காரர்கள். கூத்தில் மோவுத்துக்காரனாக வருகிற நண்பர் மகபத் கான் விழுந்தார், தேஜ் சிங்கும் விழுந்தார். ஆட்சி ஒரு வருஷம்கூட இல்லை. கோட்டைக்குள் இருக்கிற சாதத்துல்லா கான் பள்ளிவாசல் அந்த வெற்றியை ஒட்டி எழுந்தது.

கொற்றவன்73 எழுதியது:

பாருங்க, புந்தேல்கண்ட்லேர்ந்து வந்தவன், பத்து மாசம் ஆண்டவன், அவனுக்கு முந்நூறு வருஷமா நம்ம ஊர்ல கூத்து. நாயக்கர் கோட்டையே கட்டினாங்க, அவங்களுக்கு ஒரு பாட்டு உண்டா?

தஞ்சை மேலவீதி எழுதியது:

கொற்றவன் ஐயா, இப்போது நீங்களே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். பலகையில் யார் பெயர் இருந்தால் என்ன, ஜனங்கள் யாரை வைத்துக்கொள்வது என்று தாங்களே முடிவு செய்துகொள்கிறார்கள்.

கொற்றவன்73 எழுதியது:

வரலை. பக்கத்துல நிக்கிறேன், அவ்ளோதான்.

புதுவைவாசி எழுதியது:

யாரும் வெங்கட்ரமணர் கோயிலைப் பற்றி விரிவாகச் சொல்லவில்லையே. கோட்டையிலேயே பெரிய கோயில் அது, கிழக்கே புதுச்சேரி வாயில் பக்கம். கோபுர வாசலுக்குள் நுழையும்போது இரண்டு பக்கச் சுவரையும் பாருங்கள். இராமாயணக் காட்சிகள், பாற்கடல் கடைவது எல்லாம் சின்னச் சின்னப் பட்டைகளாகச் செதுக்கியிருக்கும். வெளியே ஆளில்லாத வெட்டவெளி, அந்த வாசலுக்குள் மட்டும் அப்படி ஒரு கூட்டம்.

உள்ளே போனால் தூண்கள் இருக்க வேண்டிய இடம் சில வெறிச்சென்று இருக்கும். எங்கள் ஊர்க் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற உயரமான கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டு வந்தவை என்பார்கள். மாலையில் அதன் அடியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிற யாருக்கும் அது பெருமாள் கோயில் தூண் என்று தெரியாது.

மலைக்காட்டான் எழுதியது:

அந்தக் கோயிலுக்கு நான் போனதே இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, நேரா பஸ் ஸ்டாண்டு. அடுத்த தடவை.

கிருஷ்ணகிரி பத்தி ஒருத்தரும் விளக்கமா சொல்லலை, நான் சொல்லிடறேன். ராஜகிரியை விட உயரம் கம்மி, படியும் ஒழுங்கா இருக்கும். ரோட்டுக்கு வடக்கே இருக்கு, ராஜகிரி தெற்கே. திண்டிவனம்–திருவண்ணாமலை ரோடு ரெண்டுக்கும் நடுவுலதான் போகுது. ஒரே டிக்கெட், கிழிச்சுப் போட்டுடாதீங்க. மேல கூம்பு விமானம் வச்ச ஒரு மண்டபம் இருக்கு, நாலு பக்கமும் திறந்த வளைவு, காத்து உள்ள சுழலும். ஊஞ்சல் மேடை இருக்கு. பாறையிலயே குடைஞ்ச எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு இருக்கு. முற்றுகையில மாட்டிக்கிட்டாலும் நெய் ஊத்திச் சாப்பிட்டிருக்காங்க பாருங்க. ரெண்டு கோயில். இங்கிலீஷ்காரன் இதுக்கு 'இங்கிலீஷ் மலை'ன்னே பேர் வச்சிருந்தான்.

பையனுக்கும் வீட்டம்மாவுக்கும் கிருஷ்ணகிரி நல்லா ஒத்து வரும். அப்பா கீழ இருக்கட்டும்.

கோலாலம்பூர் செல்வி எழுதியது:

நாங்களும் தை மாதம் ஊருக்கு வருகிறோம். மலேசியக் கடவுச்சீட்டு. நுழைவுக் கட்டணம் வேறு என்கிறார்களே?

மேல்மலையனூரான் எழுதியது:

ஆமாம்மா, நம்ம ஊர்க்காரங்களுக்கு 25 ரூபாய், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு 300. பதினஞ்சு வயசுக்குக் கீழ பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை. ஆன்லைன்லயும் எடுக்கலாம். ட்ரோன் கொண்டு வராதீங்க, அனுமதி இல்லாம பறக்க விட்டா பிடுங்கி வச்சுக்குவாங்க.

நெறியாளர்:

டிக்கெட் விலை மாறியிருந்தால் இங்கேயே திருத்தி எழுதுங்கள், புது இழை தொடங்க வேண்டாம். யுனெஸ்கோ விவாதத்தைத் தொடர விரும்புகிறவர்கள் வரலாறு பகுதிக்குப் போகவும். இங்கே பயணம்.

தாம்பரத்தான் எழுதியது:

சரி, திட்டம் இப்படிப் போட்டிருக்கேன். ஒன்பது மணிக்குக் கல்யாண மகால், களஞ்சியம். அப்பா அங்க நிழல்ல இருக்கட்டும், நானும் பையனும் ராஜகிரியில கமலக்கண்ணியம்மன் கோயில் வரைக்குமாவது ஏறிட்டு இறங்குறோம். அப்புறம் காரை எடுத்துக்கிட்டு வெங்கட்ரமணர் கோயில். கிருஷ்ணகிரி உடம்பு ஒத்துழைச்சா. சிங்கவரம் சாயங்காலம். சரியா வருமா? அப்பாவுக்கு சிங்கவரத்துல படி எப்படி?

மேல்மலையனூரான் எழுதியது:

சிங்கவரத்துலயும் படி உண்டு சார், ஆனா நல்ல படி, நூறு நூத்தம்பதுக்குள்ள முடிஞ்சிடும், உட்கார்ந்து உட்கார்ந்து ஏத்திடலாம். மத்தியானம் நடை சாத்திடுவாங்க, நாலு மணிக்கு மேல போங்க. கோட்டைக்குள்ள சக்கரகுளம், செட்டிகுளம் ரெண்டையும் விட்டுடாதீங்க. அந்தப் பக்கத்துலதான் கைதிக் கிணறு இருக்கு. கிணறுன்னா தோண்டினது இல்லை, இயற்கையா உள்ள குழிஞ்ச ஒரு பெரிய பாறை. தண்டனைக் கைதியை உள்ள தள்ளிட்டு சோறு தண்ணி இல்லாம விட்டுடுவாங்களாம். பையன் கேட்டா நீங்களே பார்த்து எவ்வளவு சொல்லணுமோ சொல்லுங்க.

கல்வெட்டுக்காரி எழுதியது:

சிங்கவரம் வரை போகிறவர்கள் பக்கத்திலேயே திருநாதர்குன்றைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள், பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசை. ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் அங்கேதான். செஞ்சிக் கோட்டைக்குப் பல நூற்றாண்டு முந்தியது. வெயில் தாழ்ந்த பிறகு பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் எழுத்து தெளிவாகத் தெரியும், உச்சி வெயிலில் வெறும் பாறைதான்.

மலைக்காட்டான் எழுதியது:

மண்டகப்பட்டும் அந்தப் பக்கம்தானே அக்கா? மகேந்திரவர்மன், செங்கல் இல்லாம மரம் இல்லாம சுண்ணாம்பு இல்லாம கட்டினேன்னு எழுதி வச்சது?

கல்வெட்டுக்காரி எழுதியது:

அதேதான். உலோகத்தையும் சேர்த்துக்கொள். ஆனால் அது விழுப்புரம் போகிற திசை, தாம்பரத்துக்குத் திரும்புகிறவர்களுக்குச் சுற்று. ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்காதே தம்பி, அந்தப் பெரியவரைக் கொஞ்சம் நினைத்துப் பார்.

குட்டிச்சாத்தான் எழுதியது:

சாப்பாட்டைப் பத்தி யாருமே சொல்லலை. இவ்ளோ பெரிய இழை.

மேல்மலையனூரான் எழுதியது:

செஞ்சி டவுன்ல கூட்டு ரோட்டுப் பக்கம் நாலஞ்சு கடை இருக்கு, மத்தியானம் ஒரு மணிக்குள்ள போனா சாப்பாடு சுடச்சுடக் கிடைக்கும். நெல்லு அறுப்பு சமயத்துல விற்பனைக் கூடத்துக்கு வண்டிங்க வரிசை கட்டி நிக்கும், ரோடு நெரிசலா இருக்கும், அதுக்கும் சேர்த்து நேரம் வச்சுக்குங்க. பஸ்ல வர்றவங்க திண்டிவனத்துல இறங்கி திருவண்ணாமலை வண்டி ஏறுங்க, செஞ்சி பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கோட்டைக்கு ஆட்டோதான், ஏறதுக்கு முன்னாடியே ரேட்டு பேசிடுங்க.